பெட்ரோல் வண்டி மெக்கானிக்குகளுக்கு மின் ஸ்கூட்டர் பயிற்சி: எதிலிருந்து தொடங்குவது?

பட்டறைவாசல் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தாலுகா இருசக்கர மெக்கானிக்குகள் சங்கத்துக்காகக் கேட்கிறேன். உறுப்பினர்களில் பெரும்பாலோருக்குச் சொந்தப் பட்டறை. கூட ஒரு பையன், மிஞ்சினால் இரண்டு பேர். வயது இருபதிலிருந்து ஐம்பத்தைந்து வரை. இன்ஜின் வேலையில் யாரும் சளைத்தவர்கள் இல்லை. மின் ஸ்கூட்டர் வந்து நின்றால் மட்டும் பஞ்சர், பிரேக் ஷூ தவிர எதிலும் கை வைப்பதில்லை. விலை குறைந்த, பெயர் தெரியாத கம்பெனி வண்டிகள் ஊரில் நிறைய ஓடுகின்றன. விற்ற கடையே பல இடங்களில் மூடிவிட்டது. அந்த வண்டிக்காரர்களுக்குப் போக்கிடம் இல்லை.

சங்கமே பயிற்சி நடத்தலாம் என்று முடிவு. ஒரு ஷெட் இருக்கிறது, ஐம்பதாயிரம் ரூபாய் வரை திரட்டலாம். எத்தனை மணி நேரம் வைப்பது, எதை முதலில் சொல்லிக்கொடுப்பது? என்னென்ன சாமான் வேண்டும்? அரசுச் சான்றிதழுக்கு வழி உண்டா? எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, ஆட்களை வரவழைத்துக் கடைசி நாள் வரை எப்படித் தக்கவைப்பது? ஒருநாள் கருத்தரங்கு என்றால் கூட்டம் வருகிறது. மறுநாள் பட்டறையில் எதுவும் மாறுவதில்லை.

மின்மேசை

கருத்தரங்கில் படம் காட்டி லித்தியம் வேதியியலும் மோட்டார் வகைகளும் சொல்வார்கள். மறுநாள் காலையில் ஓடாத வண்டி ஒன்று பட்டறைக்கு வந்தால், அதில் எந்த வயரில் மீட்டர் முனையை வைப்பது என்று அங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால்தான் எதுவும் மாறுவதில்லை. இதை ஈவி (மின் வாகன) வகுப்பு என்று நினைக்காதீர்கள். மீட்டர் வகுப்பு என்று நினையுங்கள். இரண்டு மணி நேர வகுப்பு பத்து இருந்தால் போதும். முதல் மூன்றில் மல்டிமீட்டர் தவிர வேறு பேச்சே வேண்டாம்: டிசி வோல்ட், கன்டிநியூட்டி பீப் (வயர் அறுபடாமல் இருந்தால் மீட்டர் ஒலிக்கும்), டயோடு மோடு, ஓம் (தடை). பெட்ரோல் வண்டி வயரிங்கிலேயே பழகட்டும். மீட்டர் கையில் படிந்த பிறகு ஸ்கூட்டரை உள்ளே கொண்டு வாருங்கள்.

நான்காவது வகுப்பிலிருந்து 'வண்டி ஓடவில்லை' என்ற ஒரே புகார்தான் பாடம். பின் சக்கரம் தரையில் படாமல் நடு ஸ்டாண்டு போட்டுவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். ஆக்சிலேட்டரின் கறுப்பு வயர் அறுந்திருந்தால் சிக்னல் 5 வோல்ட்டுக்கு ஏறி, சில மலிவுக் கன்ட்ரோலர்களில் (மோட்டாருக்குப் போகும் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) சக்கரம் முழு வேகத்தில் சுற்ற ஆரம்பித்துவிடும். ஸ்டாண்டு போடாமல் சாவியைத் திருப்பினால் வண்டி சுவரில்தான் போய் நிற்கும்.

வரிசை இப்படி. முதலில் பேட்டரி வோல்ட். அடுத்து எம்சிபிக்கு (கரன்ட் அளவு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்) முன்னும் பின்னும். பிறகு சாவி போட்டதும் கன்ட்ரோலருக்குப் போகும் மெல்லிய லாக் வயரில் பேட்டரி வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். லைட், ஹாரன் எல்லாம் வேலை செய்து மோட்டார் மட்டும் அசையவில்லை என்றால், இரண்டு பிரேக் ஸ்விட்ச் கப்ளரையும் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சாக்கெட்) கழற்றிவிட்டு ஆக்சிலேட்டர் கொடுத்துப் பாருங்கள். பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்தும் ஸ்விட்ச் அது. லிவரில் தூசி அடைத்தோ தண்ணீர் இறங்கியோ மாட்டிக்கொண்டால் கன்ட்ரோலர் நாள் முழுக்கப் பிரேக் பிடித்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். மலிவு வண்டிகளில் மிகச் சாதாரணமாக வரும் கோளாறு இதுதான். ஸ்விட்சை மாற்றிக் கப்ளரைத் திரும்ப மாட்டிக் கொடுங்கள். கழற்றியே அனுப்பினால், பிரேக் பிடிக்கும்போதும் மோட்டார் இழுக்கும்.

அதுவும் இல்லையென்றால் ஆக்சிலேட்டர் கப்ளருக்குப் போங்கள். சிவப்பு, கறுப்பு இடையே 5 வோல்ட் இருக்க வேண்டும். சிக்னல் வயரில், திருகாதபோது 0.8 வோல்ட் பக்கம், முழுக்கத் திருகும்போது 3.6 முதல் 4.2 வரை சீராக ஏற வேண்டும். 5 வோல்ட்டே வரவில்லை என்றால் உடனே கன்ட்ரோலர் போச்சு என்று எழுதிவிடாதீர்கள். ஆக்சிலேட்டர் கப்ளரையும் ஹால் கப்ளரையும் (மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சார்களின் கப்ளர்) ஒவ்வொன்றாகக் கழற்றிக் கன்ட்ரோலர் பக்கம் அளந்து பாருங்கள். ஏதோ ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வந்தால், ஷார்ட் அந்தப் பக்கம் இருக்கிறது, கன்ட்ரோலர் நல்லது. இந்த ஒரு சோதனை தெரியாததால் நல்ல கன்ட்ரோலர்கள் எத்தனையோ குப்பைக்குப் போகின்றன.

ஹால் சென்சாருக்கு ஒரு முழு வகுப்பு வேண்டும். ஹப் மோட்டாரிலிருந்து (சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டார்) தடித்த வயர் மூன்று, மஞ்சள், பச்சை, நீலம். மெல்லிய வயர் ஐந்து, சிவப்பு, கறுப்பு, பிறகு அதே மூன்று நிறம். சாவி போட்டு, கறுப்பு முனையைக் கறுப்பு வயரில் வைத்து, சிவப்பு முனையை மெல்லிய மஞ்சளில் வைத்துச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். மீட்டர் 0 பக்கமும் 5 பக்கமும் மாறி மாறிக் குதிக்கும். பச்சை, நீலத்திலும் அப்படியே. ஒன்று குதிக்காமல் நின்றால் அந்தச் சென்சார் போயிருக்கிறது, அல்லது வயர் அறுந்திருக்கிறது. தள்ளிவிட்டால் ஓடுகிறது, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது உதறுகிறது என்று கஸ்டமர் சொன்னால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக, சக்கரம் கனமாகச் சுற்றும் வண்டி. மூன்று தடித்த வயரையும் கன்ட்ரோலரிலிருந்து கழற்றுங்கள். லேசாகிவிட்டால் கன்ட்ரோலருக்குள் மாஸ்ஃபெட் (கரன்ட்டைத் திறந்து மூடும் மின்னணு ஸ்விட்ச்) ஷார்ட். அப்படியும் கனமாகவே இருந்தால் மோட்டார் சுற்று அல்லது அச்சுக்குள் வயர் ஷார்ட். நல்ல மோட்டாரின் தடித்த வயர்களில் (ஃபேஸ் வயர்) இரண்டைச் சேர்த்துப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்ற வைத்தால், அந்தக் கனம் எப்படி இருக்கும் என்று கை கற்றுக்கொள்ளும். ஒவ்வொருவரும் செய்து பார்க்க வேண்டும். பத்துப் பக்கப் பாடத்தைவிட அது மேல்.

கப்ளர்

மின்மேசை அண்ணன் சொன்ன வரிசைதான் சரி. சாமான் பற்றி நான் சொல்கிறேன்.

புது ஸ்கூட்டர் வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள். ஓடாமல் கிடக்கும் பழைய 48 வோல்ட் ஸ்கூட்டர் இரண்டு, பழைய இரும்புக்கடையிலோ மூடிய ஷோரூமிலோ கிடைக்கும். ஒன்றின் பாடி முழுவதையும் கழற்றி, ஹார்னஸை (வண்டியின் மொத்த வயர் கட்டு) பலகையில் விரித்து ஆணி அடித்து மாட்டுங்கள். பத்துப் பேர் சுற்றி நின்று பார்க்கலாம். இரண்டாவதை வண்டியாகவே வைத்துக்கொண்டு, தினமும் ஒரு கோளாறை ஒளித்து வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

முக்கியமான சாமான் சீரிஸ் பல்பு. லாரி ஹெட்லைட்டின் 24 வோல்ட் பல்பு இரண்டைச் சீரிஸில் பிடித்து, பேட்டரி பாசிட்டிவுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் போடுங்கள். 72 வோல்ட் வண்டிக்கு மூன்று. சாவி போடாமல் இணைத்தால், நல்ல கன்ட்ரோலரில் பல்பு ஒரு கணம் மின்னி அணையும். உள்ளே கெப்பாசிட்டர் நிரம்புகிறது. முழுசாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். பல்பு இல்லாமல் நேராக இணைத்திருந்தால் அதே ஷார்ட் வயரை உருக்கியிருக்கும். கற்றுக்கொள்பவர்கள் தவறாக மாட்டினாலும் பல்பு எரியுமே தவிர எதுவும் புகையாது. பயம் உள்ளவர்களின் பயத்தைப் போக்க இதைவிட நல்ல வழி இல்லை. பேட்டரியைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். அதே பல்பைக் கன்ட்ரோலரின் பாசிட்டிவ், நெகட்டிவ் இடையே பிடித்து இறக்கிவிட்டுத்தான் டயோடு மோடில் அளக்க வேண்டும்.

பெஞ்சில் வீட்டு எம்சிபி போடாதீர்கள். ஏசியில் கரன்ட் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்துக்கு வந்து போவதால் தீப்பொறி தானே அணையும். டிசியில் அது அணையாமல் உள்ளேயே எரியும். டிசி என்று எழுதிய எம்சிபி அல்லது ஃபியூஸ்தான் வேண்டும்.

இன்னொன்று, லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) அழுத்தும் நல்ல கிரிம்பிங் டூல். கட்டிங் பிளையரால் நசுக்கிய லக் பார்க்க இறுக்கமாக இருக்கும். அதில் 0.05 ஓம் தடை இருந்தாலே 30 ஆம்பியர் ஓடும்போது 1.5 வோல்ட் அங்கேயே விழும், 45 வாட் சூடாக மாறும். கப்ளர் பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொள்வது இதனால்தான். 'பேட்டரி வீக், கிலோமீட்டர் வரவில்லை' என்று வரும் வண்டியில் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன், கப்ளரின் இரு பக்கமும் மீட்டர் முனையைச் செருகி, ஒருவர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்தவர் ஏற்றத்தில் எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்கட்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் வயரில் வோல்ட் எவ்வளவு விழுகிறது என்று பார்க்கிற அதே வேலைதான். மூத்த மெக்கானிக்குகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

பஞ்சர் போடுபவர்களையும் ஒரு வகுப்புக்காவது கூப்பிடுங்கள். ஹப் மோட்டார் சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது அச்சின் தட்டைப் பக்கத்தில் உட்காரும் வாஷர் வரிசை மாறினாலோ, நட்டு சரியாக இறுகாவிட்டாலோ, மோட்டார் இழுக்கும்போது அச்சு தானே சுற்றி, வயர் வெளியே வரும் இடத்தில் முறுக்கி அறுத்துவிடும். முந்நூறு ரூபாய் வேலை மோட்டாரைத் திறக்கும் வேலையாகிவிடும்.

எஃப்ஐ_கை

ஒரு மாற்றுக் கருத்து. உங்கள் ஊரில் இன்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் பெரும்பங்கு பெட்ரோல்தானே? 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததோடு புது வண்டிகள் ஏறக்குறைய எல்லாம் எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சுவது). அதிலேயே பலர் இன்னும் தடுமாறுகிறார்கள். ஐம்பது வயதுக்காரரைக் கூப்பிட்டு 'இனி மின்சாரம்தான் எதிர்காலம்' என்றால், என் தொழில் முடிந்தது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவர் நினைப்பார். நியாயமான பயம். அவருக்கு நாளைக்கே கூலி தரும் விஷயம் எஃப்ஐ. அதை முன்னால் வையுங்கள், ஈவியைப் பின்னால் வையுங்கள்.

மின்மேசை

சரியான இடத்தைத் தொட்டீர்கள். ஆனால் இரண்டையும் பிரிக்கவே தேவையில்லை. எஃப்ஐ வண்டியின் த்ராட்டில் பொசிஷன் சென்சாரிலும் மூன்று வயர்தான்: 5 வோல்ட், கிரவுண்டு, திருகத் திருகச் சீராக ஏறும் சிக்னல். மின் ஸ்கூட்டரின் ஆக்சிலேட்டரும் அதே கணக்கு. 5 வோல்ட் வரவில்லை என்றால் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதும் இரண்டிலும் ஒன்றே. இன்ஜின் சூடு சென்சாரை வெந்நீரில் போட்டு ஓம் குறைவதைக் காட்டினால், பேட்டரி பேக்குக்குள் இருக்கும் சூடு சென்சாரும் அப்படித்தான் என்று சொல்லிவிடலாம். முதல் மூன்று மீட்டர் வகுப்பையும் எஃப்ஐ வண்டியிலேயே நடத்துங்கள். அதோடு நின்றுவிட நினைப்பவருக்கும் வந்தது வீண் இல்லை. அப்படி வருபவர்களில் பலர் நான்காவது வகுப்புக்கும் உட்காருவார்கள்.

செல்பேக்

எதைச் செய்யக்கூடாது என்பதற்கும் நேரம் ஒதுக்குங்கள். லித்தியம் பேக்கைத் திறக்க இந்தப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்காதீர்கள். பேக்குக்குள் ஸ்பானர் விழுந்தால் அணைக்க ஸ்விட்ச் கிடையாது. மின் வண்டி பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 விதியின் மூன்றாம் திருத்தம் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலும் இரு கட்டமாக அமலுக்கு வந்த பிறகு, பேக்கின் தண்ணீர்க் காப்பு, பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) பாதுகாப்பு பற்றிய விதிகள் கடுமையாகின. பட்டறையில் திறந்து சிலிகான் தடவி மூடினால் அந்தக் காப்பு போய்விடும், வாரன்டியும் போகும். பேக்கின் வெளி முனையில் வோல்ட் அளப்பது, சார்ஜர் வோல்ட் அளப்பது, வண்டியில் ஏறி ஓட்டும்போது எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பது, இந்த மூன்றும் போதும். பழுது பேக்குக்குள் என்று தெரிந்தால் அதற்கென்று இருப்பவர்களிடம் அனுப்பட்டும்.

சார்ஜர் மாற்றிப் போடும் ஆபத்தைப் பலகையில் எழுதியே வையுங்கள். '48 வோல்ட்' என்ற பெயர் ஒன்றுதான், உள்ளே வேறு வேறு. நான்கு 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிக்கான சார்ஜர் 58, 59 வோல்ட் வரை ஏற்றும். லித்தியத்தில் என்எம்சி, எல்எஃப்பி என்று இரண்டு வகை. 13 செல்லை வரிசையாகக் கோத்த என்எம்சி பேக்குக்கு முழு சார்ஜ் 54.6 தான். 16 வரிசை எல்எஃப்பி என்றால் 58.4. பழைய லெட்-ஆசிட் வண்டிக்கு லித்தியம் மாற்றியவர் சார்ஜரை மாற்றாவிட்டால், என்எம்சி பேக்கை பிஎம்எஸ் ஒன்றுதான் காப்பாற்றிக்கொண்டிருக்கும். அதுவும் போன அன்று தீ.

மோதிரம், செயின், இரும்புப் பட்டை வாட்ச் எல்லாம் வாசலிலேயே கழற்ற வேண்டும். 48 வோல்ட் ஷாக் பெரிதாக இருக்காது, ஆனால் மோதிரம் இரண்டு முனையைத் தொட்டால் விரலோடு சிவக்கும். வீங்கிய பேக், சீறும் பேக், தண்ணீரில் மூழ்கிய பேக் எதையும் ஷெட்டுக்குள் விடாதீர்கள், சார்ஜ் போட்டும் பார்க்காதீர்கள். திறந்த வெளியில், வண்டிகளிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். பவுடர் சிலிண்டர் சுவாலையை அடக்கும், செல்லைக் குளிர்விக்காது. திரும்பப் பற்றும். தூர நின்று தண்ணீரை நிறைய ஊற்ற வேண்டும். அதனால் ஷெட்டுக்குப் பக்கத்தில் குழாயும் ஹோஸும் இருக்கட்டும்.

திறன்_வழிகாட்டி

சான்றிதழ் பற்றி. ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கு 'முன்கற்றல் அங்கீகாரம்' என்று ஒரு வழி இருக்கிறது, ஆர்பிஎல் என்பார்கள். 2015இல் தொடங்கிய பிரதமர் கௌசல் விகாஸ் யோஜனாவின் ஒரு பிரிவு. சிறிய அறிமுக வகுப்பும் தேர்வும் வைத்துச் சான்று கொடுப்பார்கள். வாகனத் துறைக்கு ஆட்டோமோட்டிவ் ஸ்கில்ஸ் டெவலப்மென்ட் கவுன்சில். ஆனால் தெரிந்ததற்குத்தான் அது சான்று. தெரியாததைக் கற்றுத்தராது. 'சான்றிதழ் கிடைக்கும்' என்று விளம்பரம் செய்து ஆள் சேர்த்தால், தாளுக்காக வருபவர்கள் தாள் கிடைத்ததும் போய்விடுவார்கள். பத்து வகுப்பும் முடித்தவர்களை மட்டும் தேர்வுக்கு அனுப்புங்கள்.

உங்கள் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் உதவி இயக்குநரைப் பார்த்துச் சங்கத்தின் லெட்டர்பேடில் மனு கொடுங்கள். மனுவில் ஆட்களின் எண்ணிக்கை, நாள், நேரம், இடம், கேட்பது என்ன என்று ஐந்து வரி போதும். வெறுமனே 'ஈவி பயிற்சி வேண்டும்' என்றால் கோப்பில் போய்விடும். 'சனிக்கிழமை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பயிற்றுநரும் ஆய்வகமும்' என்று கேட்டால் பதில் சொல்ல எளிது. தமிழக அரசும் டாடா டெக்னாலஜிஸும் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை (தொழிற்பயிற்சி நிலையங்கள்) தொழில் 4.0 (நவீனத் தொழில்நுட்ப) மையங்களாக்கியிருக்கின்றன, பக்கத்து ஐடிஐ அதில் ஒன்றா, மின் வாகன ஆய்வகம் உண்டா என்று முதல்வரிடம் நேரில் கேளுங்கள்.

கடைப் பையன்களை மறக்காதீர்கள். பத்தாம் வகுப்பு முடித்தவனுக்கு ஐடிஐயில் மெக்கானிக் எலக்ட்ரிக் வெஹிக்கிள் இரண்டு வருடத் தொழிற்பிரிவு இருக்கிறது. அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. முதலாளி தானே முன்வந்து பையனை அனுப்பிவைத்தால்தான் நடக்கும். பட்டறையிலேயே அரசு அப்ரென்டிஸாகப் பதிவு செய்ய முடியுமா என்று பலர் கேட்பார்கள். நான்கு பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு அது பொருந்தாது.

ஸ்பேர்ஸ்_கவுண்டர்

ஆள் சேர்ப்பது பற்றி யாரும் இன்னும் சரியாகத் தொடவில்லை. மெக்கானிக் தினமும் தவறாமல் வந்து போகும் இடம் ஸ்பேர்ஸ் கடை. நோட்டீஸ் ஒட்ட வேண்டிய இடமும், பெயர் எழுத நோட்டு வைக்க வேண்டிய இடமும் அந்தக் கவுண்டர்தான். கடைக்காரருக்கும் லாபம் இருக்கிறது. ஹால் சென்சார், பிரேக் ஸ்விட்ச், ஆக்சிலேட்டர், டிசி கன்வெர்ட்டர் (பேட்டரி வோல்ட்டை லைட், ஹாரனுக்குக் குறைத்துக் கொடுப்பது) எல்லாம் இனி அவரிடம் விற்கும். அவரையே வகுப்பில் உட்கார வையுங்கள். எதை ஸ்டாக் வைப்பது என்று அவருக்கும் புரியும்.

வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பினால் கையில் கிரீஸோடு யார் திறப்பார்கள்? அரை நிமிட வீடியோ ஒன்று போதும்: கை சக்கரத்தைச் சுற்றுகிறது, மீட்டர் 0, 5, 0, 5 என்று குதிக்கிறது, 'இது குதிக்கவில்லை என்றால் என்ன கோளாறு, எவ்வளவு கூலி வாங்கலாம்? சனிக்கிழமை காலை வாருங்கள்.' கூலியைச் சொல்லுங்கள். சோதனைக்கு இவ்வளவு, ஹால் மாற்ற இவ்வளவு என்று சங்கமே ஒரு கூலிப் பட்டியல் போட்டு, கடைசி வகுப்பில் லேமினேட் செய்து கொடுத்தால், அதை மாட்டிய பட்டறைக்கு வண்டி தேடி வரும். இப்போது சோதனைக்கு யாரும் காசு கேட்பதில்லை, பாகம் மாற்றினால்தான் காசு. மின் ஸ்கூட்டரில் பாதி வேலை கண்டுபிடிப்பதுதான். அதற்குக் கூலி இல்லை என்றால் கற்றதை எவரும் பயன்படுத்த மாட்டார்கள்.

நேரம் காலை 6.30 முதல் 8.30. கடை திறக்கும் முன் முடிந்துவிட வேண்டும். பகலில் வைத்தால் அன்றைய கூலியை இழந்து வருபவருக்கு மனம் கடையிலேயே இருக்கும். ராத்திரி வைத்தால் உடம்பு ஒத்துழைக்காது. வாரம் இரண்டு நாள், ஐந்து வாரம். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரங்களைத் தொடாதீர்கள். ஒரு பேட்சுக்குப் பன்னிரண்டு பேர், மூவருக்கு ஒரு மேசை. நான்காவது ஆள் வேடிக்கை பார்ப்பார்.

இலவசமாக வைக்காதீர்கள். ஆளுக்கு ஒரு மீட்டரின் விலையைக் கட்டணமாக வாங்கி, முதல் வகுப்பிலேயே அந்த மீட்டரைக் கையில் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டு போகட்டும், பட்டறையில் மாட்டி வைக்கட்டும். உங்கள் ஐம்பதாயிரம் ஸ்கூட்டர், பெஞ்ச், கிரிம்பிங் டூலுக்கு மிஞ்சும்.

பட்டறைவாசல்

எல்லோருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். மூத்தவர்கள் சிலருக்கு மீட்டர் டயலில் உள்ள ஆங்கில எழுத்தும் குறியும் புரிவதில்லை, கேட்கவும் கூச்சப்படுகிறார்கள். இன்னொன்று, ஹால் சென்சார் மாற்ற மோட்டாரைத் திறப்பதை இந்தப் பத்து வகுப்புக்குள் சேர்க்கலாமா?

மின்மேசை

டயலுக்கு நெயில் பாலிஷ் போதும். டிசி வோல்ட் இடத்தில் சிவப்புப் புள்ளி, பீப்புக்குப் பச்சை, ஓமுக்கு வெள்ளை. வகுப்பில் எல்லோரும் 'சிவப்பில் வை' என்றே பேசுங்கள். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்ற பேச்சே வராது. பயிற்றுநர் மீட்டரிலும் அதே புள்ளி இருக்கட்டும். எல்லோரும் ஒரே மாடல் வாங்கினால்தான் இது நடக்கும்.

மோட்டார் திறப்பது இந்தப் பேட்சில் வேண்டாம். மூடியைக் கழற்றியதும் காந்தம் நடுப்பகுதியைப் பலமாக இழுக்கும். புல்லர் இல்லாமல் நெம்பினால் விரல் நடுவில் மாட்டும், அல்லது சுற்றுக் கம்பியின் பூச்சு உரியும். அதற்குப் பிறகு பழைய சென்சாரின் சின்னக் கம்பிக் கால்களைச் சால்டர் வைத்து எடுத்து, புதுச் சென்சாரை அதே பக்கம் பார்த்து வைத்து ஒட்ட வேண்டும்; திருப்பி வைத்தால் மோட்டார் உறுமும், ஓடாது. பத்து வகுப்பு முடித்து, சால்டரிங் கை உள்ள நான்கைந்து பேரைத் தேர்ந்தெடுத்து அவர்களுக்கு மட்டும் தனியாக இரண்டு காலை வகுப்பு வையுங்கள். மற்ற பட்டறைகள் ஹால் போனது என்று கண்டுபிடித்து, சக்கரத்தைக் கழற்றி அவர்களிடம் அனுப்பலாம். கண்டுபிடித்தவருக்குச் சோதனைக் கூலி, மாற்றியவருக்கு வேலைக் கூலி என்று சங்கத்தின் கூலிப் பட்டியலிலேயே தனித்தனி வரியாகப் போட்டுவிடுங்கள்.